ஓடித் தேய்வதைவிட நின்று சாவதே அதிகம்: ஆசைக்கு வைத்திருக்கும் கார், பைக்கின் பேட்டரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சின்னக் கணக்கில் தொடங்கலாம். கார் ஸ்டார்ட் ஆகும்போது செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று விநாடியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். பேட்டரியிலிருந்து போனது வெறும் 0.125 ஆம்பியர்-அவர் (சுருக்கமாக ஏஎச்). அதே கார் பூட்டி நிற்கும்போது கடிகாரம், அலாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால், ஸ்டார்ட்டுக்குச் செலவான மின்சாரத்தைச் சுமார் நான்கு மணி நேரத்தில் தின்றுவிடும். அப்புறம் அடுத்த நான்கு மணி நேரம். அதற்கடுத்த நான்கு மணி நேரம்.

தினமும் ஓடும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, போகிற வழியில் ஆல்டர்னேட்டர் நிரப்பிவிடும். நாம் பேசப்போவது வேறு மாதிரியான வண்டி. மாதம் ஒருமுறை உறையை எடுத்துவிட்டு ஓட்டும் பழைய கார், மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடக்கும் பைக், வருடக்கணக்கில் பிரிப்பதும் மாட்டுவதுமாக வேலை நடந்துகொண்டிருக்கும் வண்டி. இவற்றின் பேட்டரி உழைத்துச் சாவதில்லை, நின்றே சாகிறது. அதனால் எந்தப் பேட்டரி வாங்கலாம், எந்தச் சார்ஜர் வாங்கலாம் என்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வண்டி ஒரு தடவையில் எத்தனை நாள் நிற்கும்?

கடைக்குப் போகும் முன்

முதலில் வண்டியைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் அது 12 வோல்ட்தானா என்பதையே உறுதி செய்ய வேண்டும். 1950-களுக்கு முந்தைய பெரும்பாலான கார்களும், அதற்குப் பின் வந்த பல பைக்குகளும் 6 வோல்ட்டில் ஓடுபவை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில்கூட 1960-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட்தான். இடையில் யாராவது 12-க்கு மாற்றியிருக்கலாம், பல்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கலாம். பல்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், டைனமோவிலும், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலும் உள்ள தகட்டைப் படியுங்கள்.

அடுத்தது எர்த். இன்றைய வண்டிகளில் மைனஸ் முனைதான் பாடியோடு சேரும். 1960-களின் நடுவரை வந்த பல பிரிட்டிஷ் கார், பைக்குகளில் நேர்மாறு, பிளஸ் முனைதான் எர்த். அது தெரியாமல் வழக்கம்போல மாட்டினால், பின்னால் யாரோ பொருத்திய எலக்ட்ரானிக் இக்னிஷனோ ரேடியோவோ ஒரே நொடியில் போய்விடும். கேபிளின் நிறத்தை நம்ப வேண்டாம். எந்தக் கேபிள் பாடியில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறது என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்ப்பதுதான் உத்தரவாதம்.

மூன்றாவது, பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது? பானட்டுக்குக் கீழே என்றால் இன்ஜின் சூடு அதைத் தாக்கும். டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ என்றால், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியே போக வழி வேண்டும். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. அதற்கென்றே ஆசிட் சிந்தாத ஏஜிஎம் பேட்டரியைப் பொருத்தி, வாயு வெளியேற குழாயும் வைத்தார்கள். பின்னாளில் வாங்கியவர்கள் சாதாரணத் தண்ணீர் பேட்டரியை வைத்து, டிக்கியின் அடித்தகடு அரித்துப்போனபின் வருந்துவது உண்டு.

எந்த வகை

ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். இன்றும் நம் வண்டியில் நடப்பது அதே வேதியியல்தான். ஈயத் தகடும் ஈய ஆக்சைடு தகடும் கந்தக அமிலத்தில் நிற்கின்றன. ஒரு செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. மின்சாரம் இறங்கும்போது இரண்டு தகட்டின் மேலும் ஈய சல்பேட் படியும், சார்ஜ் ஏற்றினால் கரையும். ஆனால் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், மெல்லிய படிவமாக இருந்த சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. நிற்கும் வண்டியின் பேட்டரி சாவது இப்படித்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே தானாகப் புரியும்.

தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி விலை குறைவு, சற்றுக் கூடுதலாக சார்ஜ் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். டைனமோவும் பழைய மெக்கானிக்கல் ரெகுலேட்டரும் உள்ள காருக்கு இன்றும் என் தேர்வு இதுதான். குறை என்னவென்றால், தானாக இறங்கும் வேகம் அதிகம், ஆசிட் ஆவி சுற்றியுள்ள பெயின்ட்டைத் தின்னும்.

ஏஜிஎம் வகையில் ஆசிட் முழுவதையும் கண்ணாடி நார் விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும். சாய்ந்தாலும் சிந்தாது, அதிர்வைத் தாங்கும், தானாக இறங்குவது மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான். ரெகுலேட்டர் ஒழுங்காக உள்ள எந்த வண்டிக்கும், குறிப்பாக பைக்குக்கு, யோசிக்காமல் இதை வாங்கலாம். ஆனால் 15 வோல்ட்டுக்கு மேல் அடிக்கடி ஏற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வழியில்லை. ஜெல் என்று சொல்லி விற்கும் பைக் பேட்டரிகளில் பலவும் உண்மையில் ஏஜிஎம்தான். நிஜமான ஜெல் இன்னும் குறைந்த வோல்டேஜில் சார்ஜ் ஏற வேண்டியது, வண்டி ஸ்டார்ட் பண்ண அது தேவையும் இல்லை.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான் அதிகம். வண்டிக்கு வரும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. ஈய பேட்டரியின் எடையில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டியோ என்று சந்தேகம் வரும். தானாக இறங்குவது மிகக் குறைவு. பாதி இறங்கிய நிலையில் கிடந்தாலும் சல்பேட் பிரச்சினையே இல்லை. கேட்டவுடன் நிற்கும் வண்டிக்கு இதைவிட நல்லது எது என்று தோன்றும்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணைக் கவனியுங்கள். "12 ஏஎச் ஈயத்துக்குச் சமம்" என்று போட்டிருந்தால், ஸ்டார்ட் பண்ணும் வலுவில் அது 12 ஏஎச் ஈய பேட்டரிக்குச் சமம் என்றுதான் பொருள். உள்ளே உண்மையில் இருப்பது 4 ஏஎச் அளவுக்குத்தான் இருக்கும். பைக்கில் 20 மில்லி ஆம்பியர் தின்னும் டிராக்கர் ஒன்று மாட்டியிருந்தால் ஒரு நாளைக்குப் போவது 0.48 ஏஎச். எட்டே நாளில் லித்தியம் பேட்டரி காலி. பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பேட்டரி என்றால் தானே துண்டித்துக்கொள்ளும், இல்லாதது என்றால் நிரந்தரமாகக் கெடும். அடிமட்டம் வரை இறங்கிய லித்தியத்துக்கு வலிந்து சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்க நினைப்பது ஆபத்து. அதைத் தூக்கிப் போடுவதுதான் சரி.

இன்னும் இரண்டு விஷயம். உறைநிலைக்குக் கீழே உள்ள குளிரில் லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது. குளிர்ந்த காலையில் முதல் தடவை செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், ஒரு நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டுவைத்து மறுபடி முயலுங்கள். பேட்டரி உள்ளே சூடேறியதும் வலு வந்துவிடும். அடுத்து, உங்கள் பைக்கின் ரெகுலேட்டர் 14.6 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று அளக்காமல் லித்தியம் வாங்க வேண்டாம். எடை குறைப்பதே நோக்கமாக உள்ளவருக்கு இது அருமையான பொருள். உறை போட்டு மூலையில் நிறுத்துபவருக்கு ஏஜிஎம் போதும்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

ஏஎச் என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு, சிசிஏ என்பது எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதற்கு. சிசிஏ எண் 400 என்றால், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் 30 விநாடிக்கு 400 ஆம்பியர் கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாது என்று அர்த்தம். ஐரோப்பிய முறையில் சோதனை சற்று வேறு, அதனால் இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது ஒரே முறையில் போட்ட எண்களா என்று பாருங்கள். கம்பெனி சொன்ன சிசிஏ-க்குக் குறைவாக வாங்காதீர்கள். இரட்டிப்பாக வாங்கியும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நிற்கும் வண்டிக்கு, தட்டில் இடம் இருந்தால், ஏஎச் ஒரு படி கூடுதலாக எடுப்பது லாபம்.

ஜப்பானிய முறைக் குறியீடு 55பி24எல் என்றால், 55 என்பது திறன் வரிசை, பி என்பது அகல-உயர வகை, 24 என்பது செ.மீ. கணக்கில் நீளம், எல் என்பது முனைகள் எந்தப் பக்கம் என்பது. கடைசி எழுத்தை மறந்தால் வீட்டுக்கு வந்தபின் பிளஸ் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் பானட் தகட்டில் உரசும் இடத்தில் வந்து நிற்கும். பைக் பேட்டரிக்கும் அப்படியே, பழைய பேட்டரியை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், நீள அகல உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தயாரித்த தேதி அதைவிட முக்கியம். அலமாரியில் ஒரு வருடம் கிடந்த பேட்டரியும் உங்கள் ஷெட்டில் ஒரு வருடம் கிடந்த பேட்டரியும் ஒன்றுதான். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு ஒன்று கேளுங்கள்.

புதிய பேட்டரியின் முதல் நாள்

பைக் பேட்டரியில் பல, ஆசிட் தனிப் பாட்டிலில், பேட்டரி காலியாக, என்று வரும். ஆசிட்டை ஊற்றி, மூடியைப் போட்டு, உடனே மாட்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவதுதான் வழக்கம். கடையிலேயே அப்படித்தான் செய்து கொடுப்பார்கள். ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் அப்போது பேட்டரியில் முழு சார்ஜ் இருக்காது. முதல் நாளே முழுதாக ஏறாத பேட்டரி கடைசிவரை அந்தக் குறையோடுதான் வாழும்.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஊற்றுங்கள். தகடுகள் ஆசிட்டைக் குடிக்க ஒரு மணி நேரம் விடுங்கள், குமிழி வருவது நிற்கட்டும். அப்புறம் அதன் ஏஎச்-சில் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 9 ஏஎச் என்றால் 0.9 ஆம்பியரில், முழுதாக ஏறும்வரை சார்ஜ் போடுங்கள். ஒரு இரவு அப்படியே வைத்து, காலையில் அளந்து பாருங்கள். 12.7-க்கு மேல் இருந்தால் பேட்டரி தயார். ஒருமுறை ஆசிட் ஊற்றியாயிற்று என்றால், அதன்பின் ஆயுள் முழுக்க அந்த பேட்டரிக்கு ஆசிட் தேவையே இல்லை. குறைவது தண்ணீர் மட்டும்தான்.

மாட்டும்போது

கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். இதைப் பலரும் மந்திரம்போலச் சொல்வார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால், எர்த் மாட்டியிருந்தால் முழு பேட்டரியும் ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். எர்த் கழன்றிருந்தால் ஒன்றுமே ஆகாது. பிளஸ் எர்த் வண்டிக்கும் இதே விதிதான், பாடியோடு சேரும் கேபிள் எதுவோ அதுதான் முதலில் கழலும். கையில் மோதிரமோ இரும்பு வாட்சோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

கார் பேட்டரியின் முனைகள் லேசாகக் கூம்பு வடிவம், பிளஸ் சற்றுப் பருமன். மைனஸ் கிளாம்ப் பிளஸ்ஸில் ஏறாது, சுத்தியலால் தட்டி ஏற்றவும் கூடாது. தட்டினால் உள்ளே இணைப்பு விரிசல் விடும்.

பைக்கில் நம்மை அழவைப்பது அந்தச் சின்னச் சதுர நட்டு. போல்ட்டை மேலிருந்து விடும்போது நட்டு கீழே நழுவிக்கொண்டே இருக்கும், மரை பிடிக்காது. ஸ்பாஞ்சையோ ரப்பர் குழாயையோ அளவாக நறுக்கி நட்டுக்குக் கீழே திணித்துவிடுங்கள். நட்டு மேலே எழும்பி நிற்கும், ஒரே திருகில் பிடிக்கும். இது தெரியாமல் நான் எத்தனை மாலையை இருட்டில் டார்ச்சோடு கழித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

பேட்டரி தட்டில் ஆடக்கூடாது. அதிர்வில் தகட்டின் பசை உதிரும், உதிர்ந்தது அடியில் சேர்ந்து செல்லை ஷார்ட் ஆக்கும். தண்ணீர் பேட்டரி உள்ள பைக்கில் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். அதைச் செயினுக்கும் பிரேம் பெயின்ட்டுக்கும் எட்டாத இடத்தில், மடங்காமல் இறக்கிவிடுங்கள்.

கசிவைப் பிடிப்பது

முன்பு என் காரில் இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி போனது. ஒவ்வொரு தடவையும் பேட்டரியைத்தான் திட்டினேன். மூன்றாவதை வாங்கியபின்தான் மீட்டரை எடுத்தேன்.

முறை இதுதான். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்துங்கள். பானட் திறந்திருக்கும், அதன் பூட்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடியதுபோல ஏமாற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். இப்போது நிற்கும் காரின் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நிலையில் தவறியும் சாவியைத் திருப்பக்கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும்.

முதலில் ஓரிரு ஆம்பியர் காட்டினால் பயப்படாதீர்கள். புதிய வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம்கூட ஆகும். காத்திருந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் நவீன காருக்கு அது இயல்பு. கடிகாரம்கூட இல்லாத பழைய வண்டி என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். பியூஸ் எல்லாம் எடுத்தும் விழவில்லையா? ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைச் சந்தேகியுங்கள். அதன் டையோடு கெட்டிருந்தால் பின்பக்கமாகக் கசியும்.

என் காரில் 420 மில்லி ஆம்பியர். உள் விளக்கு பியூஸை எடுத்ததும் விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. கடைசியில் போனில் வீடியோ ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து, மூடித் திறந்தேன். வீடியோ முழுக்க வெளிச்சம். டிக்கி விளக்கின் சுவிட்ச் வளைந்து, மூடினாலும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. 5 வாட் பல்பு, ஒரு நாளைக்கு 10 ஏஎச். 45 ஏஎச் பேட்டரி ஐந்து நாள்கூடத் தாங்காது. சுவிட்சின் தகட்டைக் கட்டைவிரலால் நிமிர்த்தியதோடு வேலை முடிந்தது.

நிற்கும் நாட்களில்

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டார்ட்டுக்குப் போனது என்னவோ ஐடிலிலேயே திரும்பி வந்துவிடும். ஆனால் வாரம் முழுக்கக் கசிந்ததை நிரப்ப மணிக்கணக்கில் ஆகும், அதிலும் கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். டைனமோ வண்டியில் ஐடிலில் சார்ஜே ஏறாது, ஹெட்லைட் எரிந்தால் இறங்கத்தான் செய்யும். இன்ஜினும் முழுதாகச் சூடாகாது, ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். ஓட்டினால் ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

ஷெட்டில் பிளக் இருந்தால் மெயின்டெய்னர் வகைச் சார்ஜர்தான் வழி. இது 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் 13.2-க்கும் 13.6-க்கும் இடையில் இறங்கி அப்படியே தாங்கிப் பிடித்திருக்கும். மாதக்கணக்கில் விடலாம். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் அப்படி இல்லை, நிரம்பினாலும் ஏற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரி கொதித்து வற்றும். ஒரு இரவுக்கு மேல் அதை மறந்தால் பேட்டரி போச்சு. பைக்குக்கு 1 ஆம்பியர் சார்ஜர், காருக்கு 4 அல்லது 5 ஆம்பியர் போதும். லித்தியத்துக்கு அதற்கென உள்ள சார்ஜர்தான். சல்பேட்டைக் கரைக்கிறேன் என்று 15 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும் மோடு லித்தியத்தைக் கொன்றுவிடும்.

சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அடியோடு இறங்கிய பேட்டரியைக் கண்டுகொள்ளவே மாட்டா, எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பிழை காட்டும். ஈய பேட்டரி என்றால், நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பக்கத்தில் சேர்த்து, சார்ஜரை ஓடவிடுங்கள். சற்று நேரத்தில் வோல்டேஜ் ஏறியதும் நல்லதைக் கழற்றிவிடலாம். இதைச் செய்யும்போது பக்கத்திலேயே இருங்கள், பெட்டி சூடானால் நிறுத்துங்கள்.

பிளக்கே இல்லாத இடமா? பைக் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். காருக்கு மைனஸ் முனையில் கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டினால் கசிவு நின்றுவிடும். ரேடியோவைத் திறக்க ரகசிய எண் இருந்தால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது. பேட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டர் ஓடினால் வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் எரிக்கும்.

தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பது மரப்பெட்டி, ரப்பர் பெட்டிக் காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. சொல்லப்போனால் குளிர்ந்த தரை நல்லதுதான், ஏனென்றால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடுங்குளிரில் வேறு சிக்கல். முழுதாக ஏறிய பேட்டரி எளிதில் உறையாது, இறங்கிய பேட்டரியின் ஆசிட் கிட்டத்தட்ட தண்ணீர்தான், மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும்.

மாதாந்திர வேலை

வோல்ட் மீட்டர் மட்டும் இருந்தால்கூட முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். வண்டி ஓடி நின்றதும் அளக்காதீர்கள், மேலோட்டமான சார்ஜ் பொய் சொல்லும். சில மணி நேரம் விடுங்கள், அல்லது இரண்டு நிமிடம் ஹெட்லைட் போட்டு அணையுங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிரம்பியது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால்வாசி. ஏஜிஎம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.1 அல்லது 0.2 வோல்ட் கூட்டிக்கொள்ளுங்கள். 12.4 வந்ததும் சார்ஜில் போட்டுவிட வேண்டும், பாதி ஆகட்டும் என்று காத்திருந்தால் சல்பேட் கெட்டியாகத் தொடங்கும். லித்தியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது நிரம்பினால் 13.3-க்கு மேல் நிற்கும், கிட்டத்தட்ட காலியாகும்வரை 13-ஐ ஒட்டியே காட்டி ஏமாற்றும்.

தண்ணீர் பேட்டரிக்கு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு செல்லிலும் உறிஞ்சிப் பாருங்கள். 1.265-க்கு மேல் என்றால் நல்லது. ஐந்து செல் 1.26 காட்டி ஒன்று மட்டும் 1.15-இல் நின்றால், அந்தச் செல் போய்விட்டது. சார்ஜ் போட்டுப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குடிநீர் சுத்திகரிப்பான் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கிறது. சார்ஜ் முடிந்தபின்தான் மேல் கோடு வரை நிரப்ப வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஆசிட் மட்டம் ஏறும் என்பதால் முன்கூட்டியே நிரப்பினால் வழிந்துவிடும். தகடு வெளியே தெரிகிறது என்றால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுங்கள்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால், எர்த் முதலில் கழற்றி, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து பிரஷ்ஷால் பூசுங்கள். நுரைத்து அடங்கும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுக்கும். கழுவி, துடைத்து, முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி மாட்டியபின் மேலாக வாசலின் தடவுங்கள்.

பேட்டரிதானா குற்றவாளி?

புது பேட்டரி வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜிங் சரி. 13-க்குக் கீழே என்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பைக்கில் இது அடிக்கடி நடக்கும், புது ஏஜிஎம்மைச் சில நாளில் வறுத்துவிடும்.

அப்புறம் ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். பேட்டரி முனையில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது. 11 காட்டியும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த் கேபிளில் துரு. 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் முக்கியம். அதே வலுவுக்கு இரட்டிப்பு கரண்ட் போக வேண்டும், 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளை மாட்டினால் நல்ல பேட்டரியும் நோயாளிபோல நடிக்கும்.

வழியில் நின்றுவிட்டால் ஜம்ப்: இரண்டு வண்டியும் ஒரே வோல்டேஜ்தானா என்று பார்த்துவிட்டு, பிளஸ்ஸை இரண்டிலும் இணையுங்கள், பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி இணைப்பை இறங்கிய வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் இருக்கலாம். காரிலிருந்து பைக்குக்கு ஜம்ப் கொடுத்தால் கார் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். பிளஸ் எர்த் வண்டிக்கு இந்த வரிசை பொருந்தாது, அதற்கு சார்ஜர் தேடுவது நல்லது.

முழுதாக சார்ஜ் போட்டு, எல்லா வயரையும் கழற்றி, ஒரு இரவு தனியே வைத்தும் காலையில் 12.4-க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்டரிக்கு இனி செலவு செய்ய வேண்டாம். பழையதைக் கடையிலேயே ஒப்படையுங்கள், அதன் ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரியாகும். காரில் கொண்டுபோகும்போது நிமிர்த்தியே வையுங்கள், முனைகளில் டேப் சுற்றிவிடுங்கள். புதியதன் மேல், மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் எழுதி வையுங்கள், எழுத்து மேலே தெரியும்படி.